ஏசிங்க் எச்டிடிபி லைப்ரரில பழைய ஏபிஐய உடைக்கணும்னா எப்படி உடைக்கிறது?

கேரளா எல்லைல இருக்கற ஆரியங்காவுல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. வேல பாக்குற எடத்துல பைத்தான்ல ஒரு ஏசிங்க் எச்டிடிபி லைப்ரரி எழுதி வச்சிருக்காராம் (எச்டிடிபின்னா வெப்ல சர்வர்கிட்ட கேட்டு பதில் வாங்குற முறை, ஏசிங்க்னா ஒரு பதிலுக்கு காத்திருக்கும்போதே மத்த வேலையும் ஓடுற மாதிரி எழுதறது; அசிங்க்னு எழுதினா படிக்கவே ஒரு மாதிரி இருக்கு, அதனால ஏசிங்க்னே வச்சுக்குறேன்). மூணு வருஷம் முன்ன அவசரத்துக்கு எழுதினது, இப்ப முப்பது நாப்பது சர்வீஸ் அத நம்பி ஓடுது, டைம்அவுட்டு, எர்ரரு, ஃபங்ஷன் பேரு எல்லாத்தையும் தப்பா டிசைன் பண்ணிட்டேன்னு இப்பதான் புரியுது, மாத்தினா நாப்பது டீமும் ஏசுவாங்க, மாத்தலேன்னா நான் காலம்பூரா இதையே கட்டி அழணும், என்ன அண்ணாச்சி பண்ண? கடேசில, இதுக்கு 1.0னு நம்பர் போடலாமான்னும் ஒரு கேள்வி.

தம்பி, உடைங்க. அதாவது ஏபிஐய (உங்க லைப்ரரிய மத்தவங்க கூப்பிடுற பேரு, ஆர்க்யுமெண்ட் எல்லாம்) பழைய கோடு ஓடாம போனாலும் பரவால்லன்னு மாத்துங்க. உடைக்கக் கூடாதுன்னு சொல்றவங்க யாரும் ஒரு லைப்ரரிய அஞ்சு வருஷம் வச்சு காப்பாத்தினவங்க கிடையாது. ஆனா உடையும்போது சத்தம் போட்டு உடையணும். பழைய கோடு புது வெர்ஷன்ல ஏறினா அந்த வரியிலேயே எர்ரர் அடிச்சு நிக்கணும், என்ன மாத்தணும்னு அந்த எர்ரர்லயே எழுதியிருக்கணும். சத்தமே இல்லாம ஓடிட்டு வேற மாதிரி நடந்துக்கிட்டுதுன்னா அத மாதிரி கேடு எதுவும் இல்ல. இத நான் புஸ்தகத்துல படிச்சு சொல்லல, பட்டு சொல்றேன்.

நான் செங்கோட்டைக்காரன். கொஞ்ச வருஷம் முன்ன லாரி புக்கிங் பண்ற ஒரு கம்பெனிக்கு இதே மாதிரி ஒரு லைப்ரரி எழுதிக் குடுத்து நானே பாத்துக்கிட்டும் இருந்தேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்ல காய்கறி ஏத்தி புளியரை வழியா மேக்க கேரளாவுக்கு போற வண்டிங்க, டிரைவர் போன்ல லோடு போட்டோ எடுத்து அனுப்புவாரு, அது எங்க சர்வீஸுக்கு வர வர அப்படியே அந்தப்பக்கம் இன்னொரு சர்வருக்கு ஸ்ட்ரீம் ஆயிடும். அந்த சர்வர் ரிக்வெஸ்ட் தொடங்கின உடனே லோடுக்கு ஒரு எண்ட்ரி போட்டுடும், போட்டோ பின்னால சாவகாசமா வந்து சேரும். இதுல என் லைப்ரரில டைம்அவுட்னு ஒரு ஆர்க்யுமெண்ட், 10னு குடுத்திருந்தாங்க. அந்த 10க்கு என்ன அர்த்தம்னா பத்து செகண்டா ஒரு பைட் கூட நகரலேன்னா கட் பண்ணு. எனக்கு அது பிடிக்கல, டைம்அவுட்னா மொத்த நேரம்னு தான மனுஷன் நினைப்பான், அப்படின்னு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து அர்த்தத்த மாத்திட்டேன். பேரு அதே, நம்பர் அதே, டைப்பு அதே. டெஸ்ட் எல்லாம் பச்சை. ஆபீஸ் வைஃபைல போட்டோ ரெண்டு செகண்ட்ல போயிடுது, பிறகு பச்சை வராம என்ன வரும்.

ஓணத்துக்கு முந்தின வாரம் அது. மலைப் பாதைல எஸ் வளைவுப் பக்கமெல்லாம் சிக்னல் ஒரு கோடு இருந்தா பெரிசு, போட்டோ போக நாப்பது செகண்ட், அம்பது செகண்ட். பத்தாவது செகண்ட்ல என் லைப்ரரி டக்குனு அறுத்துவிடும், போன்ல இருக்க ஆப்பு மறுபடி முதல்ல இருந்து அனுப்பும், அந்தப்பக்கம் இன்னொரு எண்ட்ரி. காலைல பாத்தா ஒரே வெண்டைக்கா லோடு நாலு தடவ பில்லாகி நிக்கி. லாரி உரிமையாளரு ஒருத்தரு போன் போட்டு, ஏம்பா எனக்கு ஒரு வண்டி தான இருக்கு, நாலு வண்டி போயிருக்குன்னு காட்டுதேன்னு கேட்டாரு பாருங்க, எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. என் பக்கத்துல ஒரு எர்ரர் கூட லாக்ல இல்ல. டைம்அவுட் ஆச்சு, சரியா தான் டைம்அவுட் ஆச்சு.

அப்ப நான் செஞ்சிருக்க வேண்டியது ரொம்ப சாதாரண வேல. டைம்அவுட்ங்கற பேரயே தூக்கிட்டு ரீட் டைம்அவுட், டோட்டல் டைம்அவுட்னு ரெண்டு பேரு வச்சிருந்தா, பழைய பேர்ல கூப்பிடுற கோடு கூப்பிட்ட அந்த வரியிலேயே டைப்எர்ரர் வாங்கிக்கிட்டு விழுந்திருக்கும், பட்டப்பகல்ல, ஆபீஸ்ல, நாலு பேரு முன்னால. அர்த்தம் மாறினா பேரும் மாறணும். பேர வச்சுக்கிட்டு அர்த்தத்த மாத்துறது தான் பாவம்.

இந்த டைம்அவுட் வார்த்தையே ஒரு மாயம்ங்க. பைத்தான்ல எச்டிடிபிக்கு இருக்கற மூணு லைப்ரரிய பாருங்க. ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரில ஒண்ணும் சொல்லலேன்னா டைம்அவுட்டே கிடையாது, காலாகாலத்துக்கும் காத்துக்கிட்டு கிடக்கும், நம்பர் குடுத்தாலும் அது மொத்த நேரம் இல்ல. எச்டிடிபிஎக்ஸ்ல சும்மா விட்டா 5 செகண்ட், அதுவும் கனெக்ட், ரீடு, ரைட்டுன்னு தனித்தனிக்கு. ஏஐஓ-எச்டிடிபில சும்மா விட்டா மொத்தம் 5 நிமிஷம். இப்ப உங்க லைப்ரரிக்கு அடியில இதுல ஒண்ண எடுத்துட்டு இன்னொண்ண மாத்தி வச்சீங்கன்னா, ஒரு ஃபங்ஷன் பேரு கூட மாத்தாமலே நாப்பது சர்வீஸையும் உடைச்சிருக்கீங்க. டிஃபால்ட்டும், அதாவது சும்மா விட்டா கிடைக்கற அளவும், ஏபிஐ தான்.

ரீடைரக்ட் கதையும் இதே (ரீடைரக்ட்னா, நீ கேட்டது இங்க இல்ல, அந்த விலாசத்துக்கு போன்னு சர்வர் சொல்ற பதில்). எச்டிடிபிஎக்ஸ் 0.20ல, 2021 அக்டோபர்ல, ரீடைரக்ட தானா பின்னால போறத நிறுத்திட்டாங்க, வேணும்னா நீயே சொல்லுன்னு. டிஃபால்ட்ட மட்டும் மாத்தினா அது சத்தமில்லாத உடைசல். ஆனா கூடவே அலவ் ரீடைரக்ட்ஸ்ங்கற பேர ஃபாலோ ரீடைரக்ட்ஸ்னு மாத்தினாங்க, பதில் சரியா இருக்கான்னு பாக்குற ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸ் கூப்பிட்டா, ரீடைரக்ட் பதிலான 302 வந்தாலும் எர்ரர் அடிக்கிற மாதிரி வச்சாங்க. பழைய கோடு எங்கயாவது ஒரு எடத்துல முட்டி நிக்கும். எல்லாத்தையும் பிடிக்காது தான், ஆனா யோசிச்சு செஞ்ச உடைப்பு.

ஏசிங்க்ல இருக்க தனி வில்லங்கத்துக்கு வாரேன். சாதாரண ஃபங்ஷன ஏசிங்க் ஃபங்ஷனா மாத்துறது. ஏசிங்க் ஃபங்ஷன கூப்பிட்டா உடனே ஓடாது, அவெய்ட்னு போட்டா தான் ஓடி பதில் தரும். நீங்க ரெஸ்பான்ஸ்ல ஓகேன்னு ஒரு மெத்தட் வச்சிருக்கீங்க, ட்ரூ ஃபால்ஸ் குடுக்கும். அத ஏசிங்க் ஆக்கிட்டீங்கன்னா, அவெய்ட் போடாம பழைய மாதிரி இஃப் போட்டு கேக்குறவனுக்கு பதிலுக்கு பதிலா, இன்னும் ஓடாத வேலையான ஒரு கொருட்டீன் ஆப்ஜெக்ட் கையில வரும். அது எப்பவுமே ட்ரூ! சர்வர் 500 குடுத்தாலும் ஓகே தான், 404 வந்தாலும் ஓகே தான், எல்லாம் சுபம். கொருட்டீன் வாஸ் நெவர் அவெய்ட்டட்னு ஒரு வார்னிங் லாக்ல எங்கயோ மூலைல ஓடும், அத யாரு பாக்கா. அதனால அதே பேர வச்சுக்கிட்டு சாதாரணத்த ஏசிங்க் ஆக்காதீங்க, ஏசிங்க் வேணும்னா புதுப் பேர்ல வைங்க. எச்டிடிபிஎக்ஸ்ல க்ளையண்ட் தனி, ஏசிங்க்க்ளையண்ட் தனின்னு ரெண்டு கிளாஸ் இருக்கறத பாருங்க, அது அலங்காரத்துக்கு இல்ல. ரெண்டு பக்கமும் கையால எழுதினா கை வலிக்கும்னா அன்ஏசிங்க்னு ஒரு கருவி இருக்கு, ஏசிங்க் கோட எழுதினா சிங்க் கோட, அதாவது சாதாரண கோட, தானா உருவாக்கிக் குடுக்கும், எச்டிடிபிஎக்ஸுக்கு அடியில இருக்க எச்டிடிபிகோர் அப்படித்தான் வச்சிருக்காங்க.

எர்ரர் கிளாஸ்களும் ஏபிஐ தான், இது நிறைய பேருக்கு உறைக்கிறதே இல்ல. உங்க லைப்ரரி அடியில இருக்க லைப்ரரியோட எர்ரர அப்படியே மேல விட்டீங்கன்னா, நாப்பது சர்வீஸ்லயும் எர்ரர பிடிக்கிற எக்ஸெப்ட் வரில அவங்க பேரு உக்காந்திருக்கும், பிறகு அடி லைப்ரரிய மாத்தவே முடியாது. உங்க சொந்த எர்ரர் கிளாஸ் வைங்க. இப்ப ஏற்கனவே வெளிய விட்டுட்டீங்க, என்ன செய்யன்னா, புது எர்ரர் கிளாஸ பழைய எர்ரர்ல இருந்தும் இன்ஹெரிட் பண்ணி வைங்க, ரெண்டு பேருக்கும் பிள்ள. பழைய எக்ஸெப்ட்டும் பிடிக்கும், புது எக்ஸெப்ட்டும் பிடிக்கும், அடுத்த பெரிய வெர்ஷன்ல பழைய உறவ அறுத்துவிடலாம். பைத்தான்காரங்களே இதுல கை வச்சாங்க தெரியும்ல, 3.8ல, டாஸ்க்க நிறுத்தும்போது வர்ற கேன்சல்ட்எர்ரர எக்ஸெப்ஷன்ல இருந்து எடுத்து பேஸ்எக்ஸெப்ஷன் கீழ வச்சாங்க, எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்ல அது இனி மாட்டாது. அதுக்கு முன்ன எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்னு பொத்தாம்பொதுவா எழுதினவன் எல்லாம், டாஸ்க்க நிறுத்துன்னு வந்த சொல்லையும் சேத்து முழுங்கிட்டு ரீட்ரை பண்ணிக்கிட்டு கிடந்தான். அது நல்லதுக்கான உடைப்பு, நான் சந்தோஷப்பட்டேன்.

எங்க ஊர் ரயில நினைச்சுப் பாருங்க. செங்கோட்டை வரைக்கும் பிராட்கேஜ் வந்தப்புறமும் மேக்க புனலூருக்கு மீட்டர்கேஜ் தான் ஓடுச்சு. மெட்ராஸ்ல இருந்து வந்தவங்க செங்கோட்டைல எறங்கி, சாமான தூக்கிக்கிட்டு சின்ன வண்டில மாறி ஏறுவாங்க. எரிச்சல் தான், ஆனா கொல்லம் போய்ச் சேந்தாங்க. பிறகு 2010 செப்டம்பர்ல மீட்டர்கேஜ மொத்தமா மூடினாங்க, பிராட்கேஜ் வண்டி அந்த மலைல ஓடறதுக்கு 2018 மார்ச் ஆச்சு. நடுவுல ஏழு வருஷத்துக்கு மேல நாங்க எல்லாம் பஸ் தான். ஆரியங்காவுக்காரர் உங்களுக்கு நான் சொல்லணுமா. 1904ல தொறந்த லைன், கழுதுருட்டி பதிமூணு கண் பாலத்த இடிக்காம பலப்படுத்தி அதும்மேலயே புதுத் தண்டவாளம் போட்டாங்க, வேல நல்ல வேல தான், குறை சொல்ல மாட்டேன், மலைக்குள்ள வேற வழியும் இல்ல. ஆனா சாஃப்ட்வேர்ல மூடிட்டு மாத்துறேன்னு சொன்னா எவனும் பஸ்ல போக மாட்டான், வேற லைப்ரரிக்கே போயிடுவான். நீங்க கட்ட வேண்டியது செங்கோட்டை ப்ளாட்பாரம். ரெண்டு வண்டியும் ஒரே ஸ்டேஷன்ல நிக்கிற ஒரு வெர்ஷன்.

அதாவது உங்க இப்ப இருக்கறது 0.9னு வச்சுக்குவோம். அடுத்து 0.10ல ஒண்ணையும் எடுக்காதீங்க. புது பேரு எல்லாத்தையும் சேருங்க, பழைய பேரு புதுச கூப்பிடட்டும், கூடவே வார்னிங் அடிக்கட்டும். ஆளுக ஒரு நேரத்துக்கு ஒரு ஃபைலா மாத்திக்கலாம், பாதி மாத்தின நிலைலயும் சர்வீஸ் ஓடும். அதுக்கப்புறம் வர்ற வெர்ஷன்ல பழசு மட்டும் போகும், புதுசா எதுவும் வராது. 0.10ல வார்னிங் இல்லாம ஓடுற கோடு அடுத்ததுல அப்படியே ஓடணும், இதுதான் நீங்க குடுக்கற வாக்கு. ரஸ்ட்ங்கற மொழில எச்டிடிபிக்கு இருக்கற ஹைப்பர் லைப்ரரிக்காரங்க 0.14ல இருந்து 1.0 போகும்போது இத தான் செஞ்சாங்க, 0.14லயே புதுச முன்னாலயே குடுக்க பேக்போர்ட்ஸ்னு ஒரு சுவிட்ச், போகப் போறத காட்ட டெப்ரிகேட்டட்னு ஒரு சுவிட்ச். முதல்ல அத போட்டு திருத்திக்கோ, பிறகு தாவு.

ஹைப்பர் கதைய கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா ஏசிங்க் எச்டிடிபி லைப்ரரி எத்தன தடவ உடைய வேண்டியிருக்கும்ங்கறதுக்கு அத விட நல்ல சாட்சி இல்ல. 2014ல தொடங்கினப்ப அது சாதாரண ப்ளாக்கிங் லைப்ரரி. 2017ல 0.11ல டோக்கியோங்கற, ஏசிங்க் வேலைய ஓட்டுற லைப்ரரி மேல ஏறி ஏசிங்க் ஆச்சு. மொழியிலேயே ஏசிங்க் அவெய்ட் 2019 நவம்பர்ல வந்ததும் டிசம்பர்ல 0.13, எல்லாரும் மறுபடி எழுதினாங்க. 2020 டிசம்பர்ல டோக்கியோ 1.0 வந்துச்சு, அதுக்காகவே 0.14. ஒவ்வொரு தடவையும் அடியில இருக்கறது அசைஞ்சா மேல இருக்கறதும் அசைய வேண்டிய கட்டாயம், ஏன்னா டோக்கியோவோட டைப்புங்க ஹைப்பரோட ஏபிஐலயே வெளிய தெரிஞ்சிச்சு. அடுத்து 1.0க்கு கிட்டத்தட்ட மூணு வருஷம் எடுத்து, 2023 நவம்பர்ல விட்டாங்க. அதுல என்ன பண்ணாங்கன்னா, எல்லாரும் பிரியமா பயன்படுத்தின மேல்மட்ட க்ளையண்ட்டையும் சர்வரையும் உள்ள இருந்து எடுத்து ஹைப்பர்-யூட்டில்ங்கற தனி பொட்டில போட்டுட்டாங்க. ரீடு ரைட்டுக்கு சொந்த ட்ரெய்ட் (என்னென்ன செய்யணும்னு சொல்ற ஒப்பந்தம்) வச்சுக்கிட்டாங்க, டோக்கியோவ நம்பல. சின்னதா இருக்கறதுக்கு மட்டும் உடைக்க மாட்டேன்னு சத்தியம், மாறிக்கிட்டே இருக்கறது தனி வீட்டுல, தனி நம்பர்ல. முதல்ல பாத்தப்ப என்னடா கையில இருந்த க்ளையண்ட்ட பிடுங்கிட்டானுங்களேன்னு எனக்கும் எரிச்சல், இப்ப யோசிச்சா அது தான் சரி. உங்க லைப்ரரிலயும் கோரு எது, வசதிக்கு வச்சது எதுன்னு ரெண்டா கிழிங்க. ரீட்ரை, லாகிங், டோக்கன் புதுப்பிக்கிறது எல்லாம் மாறிக்கிட்டே தான் இருக்கும், அது தனியா போகட்டும்.

வார்னிங் அடிக்கட்டும்னு சொன்னேன்ல, அதுல ஒரு குழி இருக்கு. பைத்தான்ல இது போகப் போகுதுன்னு சொல்ற டெப்ரிகேஷன்வார்னிங், சும்மா ஓட்டினா கண்ணுக்கே தெரியாது. நேரா ஓட்டுற மெயின் ஃபைல்ல இருந்து வந்தா மட்டும் காட்டும், மத்ததெல்லாம் மறைச்சிடும். டெஸ்ட் ஓட்டுற பைடெஸ்ட் காட்டும், ஆனா டெஸ்ட் எழுதுறவன் எத்தன பேருங்க. வார்னிங் அடிக்கும்போது ஸ்டாக்லெவல் 2னும் குடுங்க, அப்பதான் உங்க ஃபைலோட வரிய காட்டாம கூப்பிட்டவனோட வரிய காட்டும். நாப்பது சர்வீஸும் உங்க கம்பெனிக்குள்ளேயே இருக்கறதால உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, பழைய பேர்ல கூப்பிட்டா ஒரு கவுண்டர் ஏத்தி மெட்ரிக்ல அனுப்புங்க. எந்த சர்வீஸ் இன்னும் பழைய வண்டில வருதுன்னு போர்டுலயே தெரியும், அது பூஜ்யம் ஆன அன்னைக்கு பழசத் தூக்குங்க. தேதி வச்சு தூக்காதீங்க, எண்ணிக்கை வச்சு தூக்குங்க.

தேதி வச்சா என்ன ஆகும்னா, எச்டிடிபிஎக்ஸ்ல ப்ராக்ஸிஸ்னு ஒரு ஆர்க்யுமெண்ட் இருந்துச்சு, ட்ராஃபிக் எந்த நடு சர்வர் (ப்ராக்ஸி) வழியா போகணும்னு சொல்றதுக்கு. 2023 டிசம்பர்ல 0.26ல இது போகப் போகுது, ப்ராக்ஸின்னு எழுதுங்கன்னு முறையா சொன்னாங்க. 2024 நவம்பர்ல 0.28ல எடுத்தாங்க. கிட்டத்தட்ட ஒரு வருஷம் டயம். இருந்தும் எடுத்த அன்னைக்கு உலகமே அலறிச்சு, ஓப்பன்ஏஐயோட பைத்தான் லைப்ரரி உள்ளுக்குள்ள அந்த ஆர்க்யுமெண்ட்ட அனுப்பிக்கிட்டு இருந்துச்சு, எச்டிடிபிஎக்ஸ்ங்கற பேரையே கேள்விப்படாதவன் ப்ரோக்ராம் எல்லாம் விழுந்துச்சு. எச்டிடிபிஎக்ஸ்காரங்க பண்ணினதுல எனக்கு தப்பு தெரியல, சத்தமா தான் உடைஞ்சிச்சு, எர்ரர்லயே ப்ராக்ஸிஸ்னு பேரு இருந்துச்சு, அதனால தான் உடனே ஓப்பன்ஏஐ பக்கம் திருத்தி விட முடிஞ்சிது, மத்தவங்க 0.28க்கு கீழ உள்ள வெர்ஷன் தான் வேணும்னு பின் பண்ணி தப்பிச்சாங்க. இதே அந்த ஆர்க்யுமெண்ட்ட சத்தமில்லாம கண்டுக்காம விட்டிருந்தா? ப்ராக்ஸி வழியா மட்டும் போகணும்னு கட்டி வச்ச ட்ராஃபிக் எல்லாம் நேரா வெளிய போயிருக்கும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

ஒரு பெரிய கஷ்டம், பைத்தான்ல ஒரே என்விரான்மெண்ட்ல ஒரு லைப்ரரிக்கு ரெண்டு வெர்ஷன் இருக்க முடியாது. ரஸ்ட்ல ஹைப்பர் 0.14ம் 1.0ம் ஒரே ப்ராஜெக்ட்ல ஒண்ணா கிடக்கும் (ஆனா ஒண்ணோட ரிக்வெஸ்ட்ட இன்னொண்ணுக்கு குடுத்தா, ரெண்டும் ஒரே பேரு, ஆனா வேற வேற டைப்புன்னு கம்பைலர் திட்டும், முதல் தடவ பாக்கறப்ப தல சுத்தும்). ஜாவா பக்கம் ஓகே-எச்டிடிபிகாரங்க 3 விடும்போது பேக்கேஜ் பேரயே ஓகே-எச்டிடிபி3ன்னு மாத்திட்டாங்க, பழசும் புதுசும் பக்கத்து பக்கத்து வீடு மாதிரி இருந்துக்கலாம். தமாஷ் என்னன்னா வெர்ஷன் 4 வந்தும் பேக்கேஜ் பேருல 3 தான், ஏன்னா 4ல கோட்லின்ல மாத்தி எழுதினாலும் பழைய ஆளுகள உடைக்கல, உடைக்கலேன்னா பேரு எதுக்கு மாத்தணும். பைத்தான்லயும் டேட்டாபேஸ் லைப்ரரி சைக்கோபிஜி2ம் அதுக்கு அடுத்து வந்த சைக்கோபிஜியும் வேற வேற பேருங்கறதால ஒண்ணா இருக்கும். உங்க மாற்றம் ரொம்ப பெரிசுன்னா, அதாவது பாதிக்கு மேல ஃபங்ஷன் மாறுதுன்னா, புதுப் பேர்லயே விட்டுடுங்க, அது தோல்வி இல்ல.

இன்னொண்ணு, ஆசைப்பட்டு எல்லா உடைப்பையும் ஒரே பெரிய வெர்ஷனுக்கு சேத்து வைக்காதீங்க. ஏஐஓ-எச்டிடிபி 3.0 வந்தது 2018 பிப்ரவரி. 4.0க்கு 2019லயே ஆல்ஃபா, அதாவது சோதனை வெர்ஷன், விட்டாங்க. நான் இத எழுதற வரைக்கும் 3 தான் ஓடிக்கிட்டு இருக்கு, புதுசா வர்ற நல்லதெல்லாம் 3லயே சின்ன சின்ன வெர்ஷனா வந்து சேருது. வெளிய நின்னு பாக்கற எனக்கு தோணுறது, சேத்து வச்ச மூட்டை கனத்துப் போனா யாராலயும் தூக்க முடியாது. வருஷத்துக்கு ஒண்ணு, ஒரு தடவைக்கு ரெண்டு மூணு உடைப்பு, அவ்வளவு தான்.

இப்ப இருந்தே செஞ்சு வைக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, ஆர்க்யுமெண்ட் எல்லாத்தையும் பேரு சொல்லி மட்டுமே குடுக்கணும்னு நட்சத்திரக் குறி போட்டு கட்டிடுங்க. யூஆர்எல் ஒண்ணு மட்டும் முதல்ல வரட்டும். வரிசைப்படி குடுக்க விட்டீங்கன்னா, நடுவுல ஒண்ண எடுக்கும்போது டைம்அவுட்டுக்கு வச்ச 10 போய் ரீட்ரை எண்ணிக்கைல உக்காரும்.

1.0 கேள்விக்கு வாரேன். வெர்ஷனுக்கு நம்பர் போடற விதியான செம்வெரோட கேள்வி பதில்லயே எழுதியிருக்கு, ப்ரொடக்ஷன்ல ஓடுதுன்னா அது அநேகமா ஏற்கனவே 1.0 ஆயிருக்கணும்னு. 0ல தொடங்கினா எப்ப வேணா உடைக்கலாம்னு சட்டம் இடம் குடுக்குது, ஆனா நாப்பது சர்வீஸ் தூங்கி எழுந்து உங்க முகத்துல முழிக்கும்போது அந்த சட்டத்த காட்ட முடியுமா. இப்ப இருக்கற 0.9க்கு, தப்பு டிசைன் எல்லாத்தோடயும் சேத்து, 1.0னு நம்பர் போட்டுடுங்க. ப்ளாட்பாரம் வெர்ஷன, அதாவது மேல 0.10னு சொன்னத, 1.1ன்னு விடுங்க. பழசு போய் நல்ல டிசைன் மட்டும் 2.0ல நிக்கட்டும். 1.1 விடறதுக்கு முன்ன நாப்பது ரெப்போலயும் டைம்அவுட்னு க்ரெப் போட்டு தேடி, ஒவ்வொருத்தரும் அந்த நம்பர என்ன அர்த்தத்துல குடுத்திருக்காங்கன்னு நேர்ல கேட்டு எழுதி வைங்க, ரெண்டு நாள் ஆகும், பரவால்ல.